சாயங்காலத்துக்கு ரெண்டு பெல்

இங்ஙன உக்காருங்க தம்பி, அங்க ஃபேன் காத்து எட்டாது. ஆபீசர் மீட்டிங்ல இருக்காங்களாம். எப்ப முடியும்னு கேட்டா அந்தப் பியூன் கையை விரிக்கான். காலைல இருந்து உக்காந்திருக்கேன். முந்தாநாளும் வந்து உக்காந்துட்டுத்தான் போனேன். நீங்க புதுசா? போஸ்டிங் ஆர்டர் வாங்கவா? என்ன பாடம்? பிசிக்ஸா, நல்லது. பிசிக்ஸ் சாருக்கு எந்த ஸ்கூல்லயும் ஒரு மரியாதை உண்டு. நான் ஹிஸ்டரி. ஹிஸ்டரி வாத்தியாரா இருந்து எச்.எம். ஆனவன்.

ஆமா, எச்.எம்.தான். இந்தச் சட்டையையும் பையையும் பாத்தா தெரியாது. போன மாசம் வரைக்கும் நான் வராண்டாவுல நடந்தா அத்தனை கிளாசும் வாயை மூடும். இப்ப வடக்க, எங்கேயோ மலைக்கு மேல ஒரு ஸ்கூலுக்கு மாத்திட்டாங்க. நிர்வாக மாறுதல்னு அதுக்குப் பேரு. ரிட்டயர்டு ஆகப் போற வயசுல, இந்த முட்டி வலியோட, நான் மலை ஏறணும். அதைக் கேன்சல் பண்ணுங்கன்னு கேக்கத்தான் வந்திருக்கேன்.

நீங்க வாயைத் திறந்து கேக்கல, ஆனா மனசுல ஓடும். இந்த ஆளு என்ன செஞ்சாரோன்னு. பணத்துல கை வச்சேனா, இல்ல. பொம்பளைப் பிள்ளைககிட்ட தப்பா நடந்தேனா, சத்தியமா இல்ல. ஒருத்தர் ஒரு பேரைக் கேட்டாரு, நான் சொன்னேன். அவ்வளவுதான் தம்பி நான் செஞ்சது. நீங்களும் நாளைக்கு ஒரு ஸ்கூலுக்குப் போகப் போறீங்க, கேட்டு வச்சுக்கிடுங்க.

ஊர் பேரு வேண்டாம். ரெண்டு தெரு உள்ள ஊரு. மேலத்தெரு, கீழத்தெரு. எதுக்கு ரெண்டுன்னு உங்களுக்கு நான் விளக்க வேண்டாம், நீங்களும் நம்ம பக்கம்தான். ரெண்டு தெருப் பிள்ளைகளுக்கும் ஒரே ஸ்கூல்தான். நான் போறதுக்கு முந்தி வருஷா வருஷம் அடிதடி. பஸ் ஸ்டாப்புல கல்லெறி, சைக்கிள் டயரைக் கிழிக்கிறது, கையில கலர் கலரா கயிறு. எனக்கு முந்தி இருந்த எச்.எம். ரத்தக்கொதிப்பு வந்து லீவுல போனவரு, திரும்பி வரவே இல்ல.

நான் போய் கொஞ்ச நாள் சும்மா பாத்தேன். பாத்துட்டு ஒரு வேலை செஞ்சேன். சாயங்காலத்துக்கு ரெண்டு பெல் வச்சேன். முதல் பெல் அடிச்சா கீழத்தெருப் பிள்ளைக கிளம்பணும். அவங்க கம்மாக்கரையைத் தாண்டித் திரும்புறதுக்கு ஒரு பத்து நிமிஷம். அப்புறம் ரெண்டாவது பெல். மேலத்தெருப் பிள்ளைக போகலாம். ரோட்டுல ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்கவே வேண்டாம். பாத்தாத்தான சண்டை. இதுல ஒண்ணைக் கவனிக்கணும், கீழத்தெருப் பிள்ளைகளைத்தான் நான் முதல்ல விட்டேன். அவங்களுக்குத்தான் முன்னுரிமை. நான் ஆள் பாக்கிறவன் இல்ல தம்பி.

முதல்ல ஆறாங்கிளாஸ் பிள்ளைகளுக்குப் புரியல. ஒரு பெல் அடிச்சா எல்லாம் சேந்து பையைத் தூக்கிட்டு எந்திரிச்சிரும். கிளாஸ் டீச்சர்மார்கிட்ட சொல்லி, எந்தப் பிள்ளை எந்தப் பெல்லுக்குப் போகணும்னு சொல்லிக் கொடுக்கச் சொன்னேன். கொஞ்ச நாள்ல பழகிட்டு. அப்புறம் யாரும் சொல்லவே வேண்டாம், பாதிப் பிள்ளைக எந்திரிக்கும், பாதிப் பிள்ளைக உக்காந்திருக்கும். சின்னப் பிள்ளைக எதையும் சீக்கிரம் கத்துக்கிடும். அதுக்கப்புறம் ஒரு சண்டை உண்டா? கிடையாது.

எஸ்.பி.எல்.னு ஒரு பிள்ளையை வைப்போம்லா, மாணவத் தலைவர். பிரேயர்ல உறுதிமொழி வாசிக்க, லைனைச் சரி பாக்க. எல்லா ஸ்கூல்லயும் ஒண்ணுதான் இருக்கும். நான் ரெண்டு வச்சேன். தெருவுக்கு ஒண்ணு. அவங்கவங்க தெருப் பிள்ளைகளை அவங்கவங்க பாத்துக்கிடணும்.

கீழத்தெருவுக்குச் சந்தனகுமார்னு ஒரு பையன். பிளஸ் டூ. அவங்க அப்பா செங்கச் சூளையில வேலை. நல்லாப் படிப்பான். அதைவிட, கோவமே வராது. நாம ஏசினாலும் தலையைக் குனிஞ்சு கேட்டுட்டுப் போவான். அந்தத் தெருவுக்கு அப்படி ஒரு பையன்தான் சரின்னு எடுத்தேன். மேலத்தெருவுக்கு முப்பிடாதி. அந்தப் பிள்ளையும் பிளஸ் டூதான். எங்க பி.டி.ஏ. தலைவர் குற்றாலம் அண்ணாச்சியோட தம்பி மகள். அண்ணாச்சி அரிசி மில் வச்சிருக்காரு. நான் குடியிருந்த மாடி வீடு அவரோடதுதான். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, சும்மா சொல்லுதேன். அவ கணீர்னு பேசுவா. விருந்தாளி வந்தா மைக்கைக் கொடுக்க ஆளு வேணும்லா.

இப்படி ஓடிக்கிட்டிருந்த ஸ்கூல்லதான் ஜெபக்கனி டீச்சர் வந்து சேந்தாங்க. பி.டி. டீச்சர். கிரவுண்டுல விசில் ஊதுறதோட அவங்க சோலி முடிஞ்சுது. அப்படித்தான் நான் நினைச்சேன். வந்த புதுசுல என் ரூமுக்கு வந்து, "சார், இந்த ரெண்டு லீடரையும் என்கிட்ட விட்டுருங்க"ன்னாங்க.

"லைன் பாக்கவா டீச்சர்?"

"லைன் தானா நிக்கும் சார். பிள்ளைகளுக்கு வேற சோலி இருக்கு."

சரின்னு விட்டேன். கிளாசுக்கு ரெண்டு லீடர், ஒண்ணு அந்தத் தெரு, ஒண்ணு இந்தத் தெரு, அதுக்கெல்லாம் மேல சந்தனகுமாரும் முப்பிடாதியும்னு ஒரு குழு வச்சாங்க. எந்தப் பிள்ளையாவது ரெண்டு நாள் ஸ்கூலுக்கு வரலைன்னா, அந்த ஜோடி வீட்டுக்கே போய் என்னன்னு கேக்கணும். ஒத்தையாப் போகக் கூடாது, சேந்துதான் போகணும். எனக்கு அது பிடிக்கல. நான் மூணு வருஷம் அங்க இருந்தேன், கீழத்தெருவுக்குள்ள ஒரு நாளும் போனதில்ல. வெறுப்பெல்லாம் இல்ல, போக வேண்டிய சோலி வரல. இந்தப் பிள்ளைக சர்வ சாதாரணமாப் போய் வந்துச்சு.

ஒன்பதாங்கிளாஸ் பையன் ஒருத்தன் படிப்பை விட்டுட்டு கேரளாவுல பரோட்டாக் கடைக்குப் போயிட்டான். இவங்க அவன் அம்மாகிட்ட தினம் போய் நின்னு நின்னு, அந்தம்மா போன் போட்டு அழுது, பையன் திரும்பி வந்துட்டான். ஒரு பிள்ளைக்கு அம்மா இறந்துட்டு. அது மத்தியானம் சாப்பிடாம கிளாசுலயே உக்காந்திருக்கும். முப்பிடாதி போய் அதுகூட உக்காந்து சாப்பிடுவா. ஒண்ணும் பேச மாட்டா, சும்மா சாப்பிடுவா. நானே ஜன்னல் வழியாப் பாத்திருக்கேன். அப்புறம் அந்தப் பிள்ளையும் டப்பாவைத் திறக்க ஆரம்பிச்சுது. பரீட்சைன்னா வாந்தி எடுக்கிற பிள்ளைகளைச் சந்தனகுமார் வேப்பமரத்தடியில வச்சு கணக்குச் சொல்லிக் கொடுப்பான்.

வருகை கூடுச்சு. ஆபீசர் வந்து பாத்துட்டு எனக்குக் கை கொடுத்தாங்க. பேப்பர்ல போட்டோ வந்தது, நடுவுல நான், ரெண்டு பக்கமும் லீடர். திட்டம் என் பேர்லதான் வந்தது. எச்.எம். பேர்லதான் வரும், அதுதான் முறை. ஜெபக்கனி டீச்சர் போட்டோவுல இல்ல. அன்னிக்கு அவங்க கிரவுண்டுல இருந்திருப்பாங்க.

அத்தோட நின்னிருந்தா எல்லாருக்கும் நல்லது. நிக்கலையே.

ஒரு நாள் பிரேயர் முடிஞ்சு முப்பிடாதி ரூமுக்கு வந்தா. பின்னால சந்தனகுமார். உள்ள வரச் சொன்னேன். அவ வந்துட்டா, அவன் நிலைப்படிக்கு வெளியவே நின்னான்.

"சார், சாயங்காலம் ஒரே பெல் அடிங்க சார்"னா.

"ஏன்? ரெண்டு பெல்லுல உனக்கு என்ன கஷ்டம்?"

"ஏழாங்கிளாஸ் பாப்பா ஒண்ணு எங்கிட்ட கேட்டுச்சு சார். அக்கா, அவங்க என்ன தப்பு செஞ்சாங்கன்னு அவங்களை முதல்ல வெளிய அனுப்புறாங்கன்னு. எனக்குப் பதில் சொல்லத் தெரியல."

எனக்குச் சுருக்குன்னுச்சு. முன்னுரிமை கொடுத்து அனுப்புறேன், அது இந்தப் பிள்ளைகளுக்குத் தண்டனை மாதிரித் தெரியுது. நான் பொறுமையாத்தான் சொன்னேன். "இங்க பாரும்மா, இந்த ஊரை உன்னைவிட எனக்குத் தெரியும். ஒரே பெல் அடிச்சா ரோட்டுல ரத்தம் விழும். யாரு பொறுப்பு?"

வெளிய நின்னவன் அப்பத்தான் வாயைத் திறந்தான். "நாங்க பொறுப்பு சார்."

பாத்தீங்களா. பிளஸ் டூ படிக்கிற பையன். பொறுப்பாம். போய்ப் படிக்கிற வேலையைப் பாருங்கன்னு அனுப்பிட்டேன்.

அன்னைக்குச் சாயங்காலம் முதல் பெல் அடிச்சுது. கீழத்தெருப் பிள்ளைக எந்திரிச்சுது. கேட்டு வரைக்கும் போச்சு. போயிட்டு, அங்ஙன தரையில உக்காந்துட்டு. மடியில பையை வச்சுக்கிட்டு வரிசையா உக்காந்திருக்கு. நான் வராண்டாவுல நின்னு பாக்கேன். ஒரு சத்தம் இல்ல. ரெண்டாவது பெல் அடிச்சு மேலத்தெருப் பிள்ளைக கேட்டுக்கு வந்ததும், உக்காந்திருந்தது எல்லாம் எந்திரிச்சு, மண்ணைத் தட்டிட்டு, சேந்து நடக்க ஆரம்பிச்சுது.

மறுநாளும் அப்படித்தான். அதுக்கு மறுநாளும். கோஷம் போட்டாலாவது போலீசைக் கூப்பிடலாம் தம்பி. சும்மா உக்காந்திருக்க பிள்ளைகளை என்ன செய்ய முடியும்? ஒரு பொடியனைப் பிடிச்சுக் கேட்டேன், "ஏம்ல, பெல் அடிச்சாச்சுல்ல, ஏன் வீட்டுக்குப் போகல?" அவன் என்னை நிமிந்து பாத்து, "அக்கா வரட்டும் சார்"ங்கான். எந்த அக்கான்னா, "முப்பிடாதி அக்கா"ங்கான். மேலத்தெருப் பிள்ளை இவனுக்கு அக்காவாம்.

ஜெபக்கனி டீச்சரைக் கூப்பிட்டு ஏசினேன். "நீங்கதான் தூண்டி விடுதீங்க"ன்னேன்.

"நான் சொல்லல சார். நான் சொல்லியிருக்கணும், எனக்குத் தோணல"ன்னாங்க. இது ஒரு பதிலா?

அந்த வாரமே குற்றாலம் அண்ணாச்சி மாடிக்கு வந்தாரு. எப்பவும் வரும்போது வாழைக்காயோ தேங்காயோ கொண்டு வருவாரு. அன்னைக்கு வெறுங்கையோட வந்தாரு. நாற்காலியில உக்காரவும் இல்ல.

"சார், எங்க வீட்டுப் பிள்ளை எவன் எவன்கூட நடந்து வருதுன்னு ஊரே பாத்துக்கிட்டு நிக்கி. ஸ்கூலா நடத்துதீங்க? யாரு ஆரம்பிச்சு வச்சது இதை?"

"பிள்ளைகளாச் சேந்து செய்யுதுக அண்ணாச்சி."

"கூட்டம்னா அதுல ஒருத்தன் முன்னால நிப்பான்லா. அவன் பேரைச் சொல்லுங்க."

இப்ப நீங்களே சொல்லுங்க, அந்த இடத்துல நீங்க இருந்தா என்ன செய்வீங்க? நான் யோசிச்சேன் தம்பி, யோசிக்காம ஒண்ணும் சொல்லல. முப்பிடாதின்னு சொன்னா, அவரு சொந்தத் தம்பி மகள். வீட்டுல அடிச்சுப் போட்டுருவாங்க, பொம்பளைப் பிள்ளை பாவம். ஜெபக்கனி டீச்சர்னு சொன்னா, ஸ்டாஃபைக் காட்டிக் கொடுத்த எச்.எம்.னு பேரு வரும். ஸ்டாஃபை ஒரு எச்.எம். விட்டுக் கொடுக்கக் கூடாது, அது எனக்கு ஒரு கொள்கை. அப்ப மிச்சம் யாரு?

சந்தனகுமார்னு சொன்னேன். பொய் இல்ல. அவனும்தான் வந்து நிலைப்படிகிட்ட நின்னான். பொறுப்புன்னு அவனே அவன் வாயால சொன்னான்லா.

சொல்லும்போதே, "கூப்பிட்டுக் கண்டிச்சு வைங்க அண்ணாச்சி"ன்னுதான் சொன்னேன். கண்டிக்கிறதுன்னா கண்டிக்கிறதுதான. அதுக்கு வேற என்ன அர்த்தம் இருக்கு?

ரெண்டு நாள் கழிச்சு, கம்மாக்கரையில, சின்னப் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போறவனை மறிச்சிருக்காங்க. அண்ணாச்சியோட மூத்த மகன், கூட ரெண்டு பேரு. கையில கிரிக்கெட் ஸ்டம்பு. அவன் ஓடல. ஓடியிருந்தா பின்னால நின்ன சின்னப் பிள்ளைக மேல அடி விழும்னு நின்னானாம். வலது கையை மேல தூக்கித் தடுத்திருக்கான். எலும்பு ரெண்டு இடத்துல ஒடிஞ்சு போச்சு. பக்கத்துல நின்ன முப்பிடாதி குறுக்க விழுந்திருக்கா, அவளுக்கும் முதுகுல ஒரு அடி. அவ கத்துன கத்துல வயக்காட்டுல நின்ன ஆளுக ஓடி வந்திருக்காங்க.

நான் மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாத்தேன். யாரும் இதைச் சொல்ல மாட்டாங்க. ஆப்பிளும் பிஸ்கட்டும் வாங்கிட்டுப் போனேன். கட்டில்ல உக்காந்திருந்தான். என்னைப் பாத்ததும் எந்திரிக்கப் பாத்தான். "உக்காருல"ன்னேன். மாவுக்கட்டுப் போட்ட கையைப் பாத்துட்டு, பப்ளிக் எக்ஸாம் எப்படி எழுதுவான்னு எனக்கே கவலைதான்.

அவங்க அப்பாவை வெளிய கூட்டிட்டுப் போய்ப் பேசினேன். "இதைக் கேசுன்னு கொண்டு போனீங்கன்னா, கோர்ட்டு போலீசுன்னு அலையணும். பையன் படிப்பு நாசமாப் போயிரும். மறுபடியும் ஊருக்குள்ள கலவரம் வரும். சைக்கிள்ல இருந்து கீழ விழுந்துட்டான்னு எழுதிக் கொடுத்துருங்க. அவன் சொல்லச் சொல்லப் பரீட்சை எழுதுறதுக்கு ஒரு ஆளை நான் ஏற்பாடு பண்ணுதேன், பாஸ் ஆகுறதுக்கு நான் கேரண்டி"ன்னேன்.

அவரு என் மூஞ்சியைப் பாத்தாரு. செங்கல் தூசி ஒட்டுன கண்ணு. அப்புறம், "நீங்க சொன்னாச் சரிதான் சார்"னு கையெழுத்துப் போட்டாரு. பாத்தீங்களா, படிக்காத மனுசன், அவருக்கே விஷயம் புரிஞ்சுது.

புரியாதது இந்தப் பி.டி. டீச்சருக்குத்தான். ஸ்டாஃப் எல்லாரும் சைக்கிள்ல விழுந்தான்னே சொல்லுவோம்னு ஸ்டாஃப் ரூம்ல பேசி முடிச்சேன். எல்லாரும் சரின்னாங்க. இந்தம்மா மட்டும், "என்னால முடியாது சார்"னாங்க. குரலைக்கூட உயத்தல. சாதாரணமாச் சொல்லிட்டு, விசிலைக் கழுத்துல மாட்டிட்டு, ஆறாங்கிளாஸ் பீரியடுக்குப் போயிட்டாங்க.

யாரு சொன்னாங்களோ, விசாரணை வந்துட்டு. ஆபீசர் மேடமே நேர்ல வந்து என் ரூம்ல உக்காந்தாங்க. என் நாற்காலியில. நான் ஓரமா நிக்கேன். குற்றாலம் அண்ணாச்சி வெள்ளை வேட்டியோட சுவரோரமா நிக்காரு. நான் சைக்கிள் விஷயத்தைச் சொன்னேன். அப்பா கையெழுத்துப் போட்டதைக் காட்டினேன். மேடம் தலையை ஆட்டிக்கிட்டே கேட்டாங்க. எல்லாம் நல்லபடியாத்தான் போய்க்கிட்டிருந்தது. கடைசியா, எஸ்.பி.எல். பிள்ளையைக் கூப்பிடுங்கன்னுட்டாங்க.

நான் முப்பிடாதிகிட்ட முன்னாலயே சொல்லி வச்சிருந்தேன். நீ ஒண்ணும் பேச வேண்டாம்மா, தெரியலைன்னு சொல்லிரு, உங்க பெரியப்பா நிக்காரு, குடும்ப மானம் இருக்குன்னு. அவளும் தலையைக் குனிஞ்சு கேட்டா. சரின்னு சொன்னதாத்தான் எனக்கு ஞாபகம்.

மேடம் கேட்டாங்க, "சந்தனகுமார் சைக்கிள்ல இருந்து விழுந்ததை நீ பாத்தியாம்மா?"

"அவனுக்குச் சைக்கிளே கிடையாது மேடம்"னா.

எனக்கு எப்படித் தெரியும் தம்பி? அத்தனை பிள்ளைக படிக்கிற ஸ்கூலு. யாருகிட்ட சைக்கிள் இருக்கு, யாருகிட்ட இல்லைன்னு எச்.எம்.முக்கா தெரியும்? அரசாங்கம் கொடுத்த சைக்கிள் என்னாச்சுன்னு மேடம் கேட்டாங்க. அவங்க அப்பா வேலைக்குப் போக வர அதைத்தான் எடுத்துட்டுப் போறாரு, இவன் நடந்துதான் வாரான்னா.

அப்புறம் அவ நிறுத்தல. பெரியப்பா பக்கம் ஒரு தடவை திரும்பிப் பாத்துட்டுச் சொன்னா. "அடிச்சது எங்க அண்ணன் மேடம். பெரியப்பா மகன். நான் பக்கத்துலயே நின்னேன். வீட்டுல வந்து பெரியப்பா சொன்னாங்க, எச்.எம்.மே பேரைச் சொல்லிட்டாரு, அந்தப் பயதான்னு. அது தப்பான பேரு மேடம். ஒரே பெல் வேணும்னு கேட்டது நான். கேட்டுல காத்திருக்கலாம்னு சொன்னதும் நான். அவன் என்கூட வந்தான், அவ்வளவுதான். என்னைச் சொல்லியிருந்தா அவன் கை ஒடிஞ்சிருக்காது."

சொல்லும்போது அவ அழல. அண்ணாச்சிதான் துண்டை எடுத்து மூஞ்சியைத் துடைச்சாரு. மேடம் என்னைப் பாத்து, "நீங்க பேர் சொன்னீங்களா சார்?"னாங்க. நான் என்ன செய்ய, அண்ணாச்சி கேட்டாரு, சொன்னேன்னு சொன்னேன். உண்மையைத்தான சொல்ல முடியும். அதுக்கு அண்ணாச்சி என்னைப் பாத்தாரு பாருங்க, ஒரு பார்வை. அவரைக் காட்டிக் கொடுத்துட்டேனாம். அவரைக் காப்பாத்தத்தான் நான் இவ்வளவும் பண்ணினேன்னு அந்த மனுசனுக்குத் தோணலையே.

முடிஞ்சுது. அண்ணாச்சி மகனைப் போலீஸ் கூட்டிட்டுப் போச்சு. ஜாமீன்ல வந்துட்டான்னு கேள்வி. முப்பிடாதியை வீட்டுக்குள்ள சேக்கல. ஜெபக்கனி டீச்சர் வீட்டுல இருந்துதான் பரீட்சை எழுதினா. அவங்க அம்மா மட்டும் ஒரு துணிப்பையில பாவாடை சட்டையைப் போட்டு, டீச்சர் வீட்டு வாசல்ல வச்சுட்டு, மகளைப் பாக்காமலேயே அழுதுகிட்டே போனாங்களாம். நல்ல குடும்பத்துப் பிள்ளை. நான் தலைவியாக்கி மைக்கைக் கையில கொடுத்தேன். அது அப்படிப் போச்சு. சந்தனகுமாருக்குப் பதினொண்ணாங்கிளாஸ் பிள்ளை ஒண்ணு உக்காந்து, அவன் சொல்லச் சொல்ல எழுதுச்சு. பாஸ் ஆயிருவான், எனக்குத் தெரியும். கெட்டிக்காரன்.

மிச்சம் யாரு? நான். மாடி வீட்டைக் காலி பண்ணச் சொல்லி அண்ணாச்சி மில் ஆளை விட்டுச் சொல்லி அனுப்பினாரு, நேர்ல வரல. சாமானை எடுக்கும்போது மேலத்தெருவுல ஒருத்தர் கை கொடுக்கல. கீழத்தெருவுலயும் யாரும் வரல. ரெண்டு பக்கமும் பாத்துப் பாத்து நடந்தவன் நான், என் பக்கம் ஒருத்தர் இல்ல. அடிச்சவன் ஊருக்குள்ள நடமாடுதான். எனக்கு மலை.

பொறுப்பை ஒப்படைக்கப் போன அன்னைக்குத்தான் எனக்குத் தாங்கல. தமிழ் ஐயாகிட்ட சாவியைக் கொடுத்துட்டு, சாயங்காலம் ஆயிட்டு, என் பையை எடுத்துக்கிட்டு வராண்டாவுல நிக்கேன். பெல் அடிச்சுது. ஒரே பெல். அத்தனை கிளாசும் ஒண்ணா எந்திரிச்ச சத்தம் கேட்டுச்சு. எல்லாம் ஒண்ணாக் கேட்டுக்குப் போச்சு, ரோட்டுல இறங்குச்சு.

நான் கிளம்பல. நின்னேன். நடக்கும்னு எனக்குத் தெரியும். எவனாவது ஒருத்தன் ஒரு வார்த்தை சொல்லுவான், இன்னொருத்தன் கல்லை எடுப்பான். அப்ப எல்லாருக்கும் தெரியும், இந்த மனுசன் சொன்னது சரின்னு. தமிழ் ஐயா ஓடி வந்து, சார், என்ன செய்யணும்னு என்னைத்தான் கேப்பாரு. காதைத் தீட்டிக்கிட்டு நின்னேன் தம்பி. கடைசிப் பிள்ளை கம்மாக்கரை திரும்புற வரைக்கும் நின்னேன்.

ஒண்ணும் நடக்கல. ஒரு சின்னப் பிள்ளை செருப்பு அறுந்து நின்னுச்சு, வேற ஒண்ணு அதோட பையை வாங்கிக்கிட்டுச்சு. அவ்வளவுதான்.

திரும்பினா, பின்னால சந்தனகுமார் நிக்கான். கழுத்துல துணியைக் கட்டிக் கையைத் தொங்கப் போட்டிருக்கான். கூட முப்பிடாதி. பரீட்சைதான் முடிஞ்சுட்டே, இவங்களுக்கு ஸ்கூல்ல என்ன சோலி? புது லீடர் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க டீச்சர் வரச் சொன்னாங்களாம்.

"சார், பஸ் ஸ்டாப் வரைக்கும் நாங்க வாரோம்"னான்.

"எதுக்கு?"

"மேலத்தெரு வழியாத்தான போகணும். அண்ணாச்சி ஆளுக உங்க மேல கோவமா இருக்காங்க சார். தனியாப் போகாதீங்க."

எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க. எனக்குப் பாதுகாப்பா? ஒடிஞ்ச கையை வச்சுக்கிட்டு இவன் எனக்குப் பாதுகாப்பு. என்னை மட்டம் தட்டத்தான வந்திருக்கான். வேற எதுக்கு வருவான்? "ஒண்ணும் வேண்டாம், போ"ன்னுட்டு நான் பாட்டுக்கு நடந்தேன். ரோட்டுல அங்கங்க ஆளுக நின்னுச்சு. டீக்கடையில பேச்சு நின்னுட்டு. மில் வாசல்ல மூணு பேரு எந்திரிச்சு ரோட்டுக்கு வந்தாங்க. வந்து, எனக்குப் பின்னால பாத்துட்டு, அப்படியே நின்னுட்டாங்க. நான் திரும்பிப் பாத்தேன். கொஞ்சம் தள்ளி ரெண்டு பேரும் வாராங்க. பக்கத்துலயும் வரல, விலகியும் போகல. நான் நின்னா நிக்காங்க. நடந்தா நடக்காங்க.

பஸ் ஸ்டாப்புலயும் எதிர்ப் பக்கம் நின்னாங்க. பஸ் வந்தது. ஏறினேன். ஜன்னல் சீட்டு கிடைச்சுது. பாத்தா, அந்தப் பையன் ரோட்டைத் தாண்டி ஜன்னல்கிட்ட வந்துட்டான். நல்ல கையால ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, "பாத்துப் போங்க சார்"னான். பஸ் கிளம்பிட்டு.

என்ன அர்த்தத்துல சொன்னான் அவன்? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க தம்பி. மிரட்டினானா, கேலி பண்ணினானா? அன்னையில இருந்து அதைத்தான் யோசிச்சுக்கிட்டிருக்கேன். வேற என்ன அர்த்தம் இருக்க முடியும் அதுக்கு?